கொக்கை மேடையேற்ற எத்தனை கடிதம் வேண்டும்? வடசென்னையில் அரசியல் உருவக நாடகம் போட ஒரு வழிகாட்டி

போன மே மாதம் காசிமேட்டில், ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கு நடுவில் இருக்கும் திறந்தவெளியில், 55 நிமிட நாடகம் ஒன்று போட்டோம். ஒரு கொக்கு, ஐந்து மீன், ஒரு தவளை, ஒரு நண்டு. ஒரு ஆட்சி எப்படிப் பொய்யால் நிற்கிறது என்பதுதான் கதை, யார் ஆட்சி என்று எங்கும் சொல்லவில்லை. எழுதி முடிக்க பத்து நாள்தான் ஆனது. அதற்குப் பிறகு கடிதம், சீல், வாடகை, தேதி என்று நான் அலைந்ததை நீங்களும் அலைய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. கதையை எடுக்கும்போதே உரிமை யாருடையது என்று பாருங்கள்

முதலில் நாங்கள் எடுக்க நினைத்தது ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்', பண்ணை விலங்குகளை வைத்து எழுதிய ஆங்கில அரசியல் நாவல். அவர் இறந்தது 1950 ஜனவரியில். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை, அதனால் 2011 தொடக்கத்திலிருந்து இங்கே அந்த மூலத்தை யாரும் மொழிபெயர்க்கலாம், நாடகமாக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, தமிழ் மொழிபெயர்ப்பு என்பது தனிச் சொத்து, அதன் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கோ அவருடைய வாரிசுக்கோ உரியது. மூலம் இலவசம்தானே என்று கடையில் வாங்கிய தமிழ்ப் புத்தகத்திலிருந்து வசனத்தை அப்படியே எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். மூலத்தை வைத்துக்கொண்டு நீங்களே தமிழில் எழுதுங்கள், அல்லது எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரண்டு, வீடியோவை யூடியூபில் (அது அமெரிக்க நிறுவனம்) ஏற்றும் எண்ணம் இருந்தால், அது 1945இல் வெளிவந்த புத்தகம் என்பதையும் அமெரிக்காவில் அதன் உரிமை 2040 முடியும் வரை இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

தலைவலியே வேண்டாம் என்றால் நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. பாரதியின் 'காக்காய் பார்லிமெண்ட்' இருக்கிறது, பாரதி எழுத்துக்கு யாரும் உரிமை கேட்டு வர மாட்டார்கள். பஞ்சதந்திரக் கதைகள் இருக்கின்றன. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் கதைகள் இருக்கின்றன. நாங்கள் கடைசியில் போய் நின்றது பஞ்சதந்திரத்துக் கொக்கிடம். குளம் வற்றப் போகிறது, உங்களை வேறு குளத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லி மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தின்னும் கொக்கு. ஏன் மாறினோம் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

2. விலங்குகளை உங்கள் தெருவில் நிறுத்திப் பாருங்கள்

ஆர்வெல் கதையில் ஆட்சியைப் பிடிப்பவை பன்றிகள். ஒத்திகையின் இரண்டாவது நாளே, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "இன்னாபா, யார சொல்ற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். இங்கிலாந்துப் பண்ணையில் பன்றி வெறும் பன்றி. நம் ஊரில் அந்தச் சொல்லை யார் யாரைப் பார்த்து வசவாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மேடையில் அதிகாரத்தைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பவரைத் திட்டிவிடுவோம். அன்றைக்கே அந்தப் பிரதியை மூடி வைத்தோம்.

கொக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. மீன் இறங்கும் இடத்தில் கொக்கு எப்படி நிற்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உறுமீன் வருமளவும் வாடி இருக்கும் கொக்கைப் பள்ளிக்கூடத்திலும் படித்திருக்கிறார்கள். பாதி வேலை முடிந்தது.

ஆனாலும் ஒரு தப்பு செய்தோம். கொக்கு தன் குடிகளைப் பயமுறுத்த ஒரு எதிரி வேண்டுமே, அதற்கு "வலை போட மனுஷன் வர்றான்" என்று எழுதியிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து, "தம்பி, அப்போ வில்லன் நாங்களா?" என்றார். மீனவர் குடியிருப்பில் வந்து மீனவரை எதிரியாகக் காட்ட இருந்தேன்! எதிரியை வடக்குக் குளத்துக் கொக்கு என்று மாற்றினோம். பிறகு யோசித்தால் அதுதான் சரியும்கூட, இரண்டு கொக்கும் உள்ளுக்குள் ஒன்று என்று காட்ட வழி கிடைத்தது.

கட்சிச் சின்னத்தில் உள்ள விலங்கையோ பொருளையோ தொடாதீர்கள். யானை வேண்டவே வேண்டாம். கட்சிக் கொடி நிறங்கள் அடுத்தடுத்து வருகிற மாதிரி உடை தைக்காதீர்கள். முகமூடியில் உயிரோடு இருக்கும் தலைவரின் மூக்கு, மீசை, கண்ணாடி வேண்டாம். அவதூறு வழக்கு வரும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முகத்தைக் கண்டுபிடித்தவுடன் பார்ப்பவர் சிரித்துவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடுகிறார். விளம்பரத்திலோ பேச்சிலோ இது யாரைப் பற்றியது என்று நீங்கள் வாய் திறக்கவே கூடாது.

3. பொய் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுங்கள்

இந்த இடத்துக்கு நேரம் செலவு செய்யுங்கள், கடிதத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் செய்வது (நானும் செய்தேன்) கொடுங்கோலனை முதல் காட்சியிலேயே உருட்டு விழியோடு கொண்டு வருவது. அவன் கெட்டவன் என்று தெரிந்த பிறகு மீன்கள் ஏன் நம்புகின்றன என்று யாருக்கும் புரியாது, மீன்கள் முட்டாள்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாம் எழுத வந்தது அதுவல்லவே. மேடையில் இருக்கும் மீனுக்கு முன்னால் கீழே உட்கார்ந்திருப்பவருக்குப் பொய் தெரிந்துவிட வேண்டும், ஆனால் மீன் ஏன் நம்புகிறது என்பதும் அவருக்கு நியாயமாகப் பட வேண்டும்.

நாங்கள் செய்தது இது. எம்.சி. ரோட்டில் வாங்கிய நீலத் துணியைக் குளமாக விரித்தோம், இருபது அடி. பக்கத்தில் ஒரு கரும்பலகை, அதில் 'இன்று தண்ணீர்: 20 அடி'. ஒவ்வொரு காட்சிக்கும் கொக்கின் ஆளான தவளை வந்து எண்ணை அழித்துக் குறைத்து எழுதும், 18, 15, 11. துணி மட்டும் ஒரு அங்குலம்கூடக் குறையாது. மீன்கள் தண்ணீருக்குள் நின்றுகொண்டு பலகையைப் பார்த்து அழும். மூன்றாவது முறை அழிக்கும்போது முன்வரிசைப் பிள்ளைகள், "டேய், தண்ணி அப்டியே கீதுடா!" என்று கத்தினார்கள். இதற்குமேல் வசனம் எழுதத் தேவையில்லை.

பயம் காட்டினால் மட்டும் போதாது, பயத்துக்குத் தேதி வேண்டும், அந்தத் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்க வேண்டும். "பௌர்ணமிக்குள் வற்றிவிடும்" என்று கொக்கு சொல்லும். பௌர்ணமி வந்து போகும், வற்றவில்லை என்றால் அதுவும் கொக்கின் சாதனை.

அப்புறம் பெருமை. கொக்கு யாரையும் இழுத்துக்கொண்டு போவதில்லை, முதலில் போவது யார் என்பதற்கு டோக்கன் கொடுக்கிறது. டோக்கன் என்றால் என்ன என்று இந்தப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம். சாகப் போகும் மீன்கள் டோக்கனுக்காக முண்டியடித்துச் சண்டை போடும் காட்சிக்குத்தான் அதிகம் சிரித்தார்கள், சிரிப்பு நடுவில் நின்றும் போனது.

அதிகாரம் தன் கையை மெதுவாகத்தான் நீட்டும். எங்கள் கொக்கு முதலில் கேட்பது ஒரே ஒரு நிழல் பாறை, வெயிலில் நின்று காவல் காக்கிறதே பாவம் என்று மீன்களே கொடுக்கின்றன. அடுத்த காட்சியில் பாறைக்குப் பக்கத்தில் நீந்தக் கூடாது. அதற்கடுத்து பாறையைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாது. இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

நண்டுதான் கேள்வி கேட்பது, அதுவும் ஒரே கேள்வி. "போனவங்க யாராச்சும் ஒரு தகவல் சொல்லி அனுப்பினாங்களா?" தவளை அதற்குப் பதில் சொல்லாது, சத்தம் போடும். பதில் சொல்லும் தவளையை எழுதினால் நாடகம் பட்டிமன்றமாகிவிடும்.

பழைய கதையில் நண்டு கொக்கின் கழுத்தை நெரித்துவிடும், அதோடு சுபம். நாங்களும் நெரித்தோம். ஆனால் கொக்கு விழுந்த பிறகு தவளை சாக்பீஸை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி விட்டோம். கை தட்டல் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இங்கே என் மானம் போன கதை ஒன்றும் உண்டு. ஒத்திகைக்குத் தாமதமாக வந்தால் டீக்கு இருபது ரூபாய் என்று வாட்ஸ்அப் குழுவில் விதி போட்டது நான்தான். இரண்டாவது வாரம் நானே அரை மணி நேரம் தாமதம். அந்தச் செய்தியை அழித்துவிட்டு, 'டிராஃபிக் காரணம் என்றால் இயக்குநருக்கு விலக்கு' என்று சேர்த்துப் புதிதாகப் போட்டேன். தவளையாக நடித்த பையன் பழையதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். இருபது ரூபாய் கட்டினேன், பலகையை அழித்து எழுதும் யோசனையும் அங்கிருந்துதான் வந்தது.

4. தேதி குறிப்பது

குறைந்தது ஆறு வாரம் கையில் வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளி என்ற பேச்சே வேண்டாம், மழை. மார்ச், ஏப்ரல் முதல் பாதி பரீட்சை. ஆடியில் அம்மன் கோயில் ஸ்பீக்கரோடு போட்டி போட முடியாது. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தால் தள்ளிப் போடுங்கள், அந்த நேரத்தில் கொக்கு மீன் கதை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மீனவர் பகுதி என்றால் தடைக்காலத்தை யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், சாயங்காலம் உட்கார நேரம் இருக்கும். ஆனால் கையில் காசு இருக்காது, அதனால் டிக்கெட், நன்கொடை ரசீது என்று அந்த நேரத்தில் கிளம்பாதீர்கள். மே மாதம் இருட்ட ஆறரை ஆகிவிடும், அதற்கு முன் விளக்கு எடுபடாது. ஐபிஎல் அட்டவணையையும் பாருங்கள். சென்னை ஆடும் நாளில் ஏழரைக்கு மேல் உங்கள் நாடகத்தை உங்கள் அம்மாகூடப் பார்க்க மாட்டார்.

5. கடிதங்கள்

எனக்கு அதிக நாள் விழுங்கியது இதுதான். முதலில் இடம் யாருடையது என்று உறுதி செய்யுங்கள். மாநகராட்சி மைதானமா, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் இடமா, துறைமுகத்துக்குச் சேர்ந்ததா, ரயில்வேயா? ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒருவருடையதாகவும் அந்தப் பக்கம் இன்னொருவருடையதாகவும் இருக்கும். மாநகராட்சி என்றால் தண்டையார்பேட்டை 4ஆவது மண்டலம், ராயபுரம் 5ஆவது, திரு.வி.க. நகர் 6ஆவது. உங்கள் இடம் எதில் வருகிறது என்று வார்டு எண்ணோடு கேட்டுக்கொண்டு போங்கள், பெயரை நம்பிப் போகாதீர்கள்.

எனக்கு நடந்தது இப்படி: இடத்துக்காரர் அலுவலகத்தில் போலீஸ் அனுமதி கொண்டு வா என்றார்கள். காவல் நிலையத்தில் இடத்துக்கான கடிதம் கொண்டு வா என்றார்கள். ஐந்து நாள் இப்படியே ஓடியது. வழி என்னவென்றால், இரண்டு மனுவையும் ஒரே நாளில் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல். ஒன்றில் தேதியும் சீலும் வாங்கி, அந்தச் சீல் வைத்த நகலை மற்ற மனுவோடு இணைத்துவிடுங்கள். சீல் இல்லாமல் "சரி, வெச்சிட்டுப் போ" என்று சொன்னால் நகராதீர்கள், பணிவாக அங்கேயே நில்லுங்கள்.

போலீஸ் மனு உங்கள் எல்லைக் காவல் நிலைய ஆய்வாளருக்கு, நகல் உதவி ஆணையருக்கு. தமிழிலேயே எழுதுங்கள். நாள், தொடங்கும் முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர் இருவரின் முகவரி, கைபேசி எண், ஆதார் நகல், இடத்தின் கைவரைபடம், ஒலிபெருக்கி எத்தனை, ஒரு பக்கக் கதைச் சுருக்கம். சென்னை மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி ஐந்து நாளுக்கு முன் மனு என்பார்கள். அதை நம்பிச் சரியாக ஐந்தாவது நாள் போய் நிற்காதீர்கள், பதினைந்து நாள் வையுங்கள். எங்களுக்கு முந்தின நாள் மாலைதான் கையில் கிடைத்தது.

பிரதி முழுவதையும் கேட்டால்? நாடகத்தை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்ற 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இதைத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் கவுன்டரில் வக்கீல் மாதிரி பேச வேண்டாம். ஒரு பக்கச் சுருக்கத்தில் 'பஞ்சதந்திரக் கதையைத் தழுவியது' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தோம். படித்த அதிகாரி சிரித்துவிட்டு, "கொக்கு யாருங்க?" என்றார். "கொக்குதான் சார்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

6. சத்தம், கரண்ட், கூரை

ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும், இரவு பத்துக்கு மேல் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஸ்டான்லி மருத்துவமனை பக்கம் இடம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். மைதானங்களில் பாதி பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித்தான் இருக்கின்றன, அதனால் முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் மனு.

வீட்டு லைனிலிருந்து வயர் இழுக்காதீர்கள். தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஒரு நாள் கூத்துக்கு ஜெனரேட்டர் எளிது. அதைப் பிளாக்குக்குப் பின்னால் நிறுத்துங்கள், இல்லையென்றால் தவளையைவிட அதுதான் அதிகம் கத்தும். கூரை போட்ட பந்தல் என்றால் தீயணைப்புத் துறை வரை பேச்சு போகும். நாங்கள் வானத்துக்குக் கீழேயே போட்டோம். ஃபிளக்ஸ் வேண்டாம், அதற்கு அனுமதி தனி. கூட்டம் சேரும் வரை சினிமாப் பாட்டு போடலாம் என்று சவுண்ட் சர்வீஸ்காரர் சொல்வார், அதற்கும் உரிமம் தனி. பறை இருந்தால் பாட்டு எதற்கு?

7. பணம்

எங்களுக்கு ஆனது இது: சவுண்ட் சர்வீஸ் 4,500, விளக்கு 3,000, ஜெனரேட்டர் டீசலோடு 3,500, நாற்காலி நூறு, எட்டு ரூபாய் வீதம் 800, பறைக் கலைஞர் மூவருக்குத் தலா 1,500, குளத்துக்கும் உடைக்கும் துணி 1,400, முகமூடி 1,900, சாமான் ஏற்ற குட்டி யானை 1,800, ஆறு வார டீ, பஜ்ஜி, கடைசி நாள் பிரியாணி எல்லாம் 3,600, ஜெராக்ஸ் 300. மொத்தம் 25,300. இடத்துக்கான கட்டணமும் முன்பணமும் இதில் இல்லை, அது ஒவ்வொரு இடத்துக்கும் வேறு. பறைக்காரர்களின் பணத்தில் பேரம் பேசாதீர்கள், முதலில் கொடுக்க வேண்டியதே அதுதான்.

ஏரியாவில் பெரிய மனிதர் ஒருவர் சவுண்ட் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மேடைக்குப் பின்னால் அவர் படம் மட்டும் இருக்க வேண்டுமாம். நிழல் பாறை ஞாபகம் வந்தது. மரியாதையாக மறுத்துவிட்டோம், அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டோம், வந்து பார்த்தார். நாடகம் முடிந்து துண்டு ஏந்தியதில் 6,840 ரூபாய் விழுந்தது, தடைக்காலத்தில் அது பெரிய தொகை. மிச்சச் செலவை நாங்கள் பதினொரு பேரும் பகிர்ந்துகொண்டோம். கணக்கு நோட்டை ஒருவரிடமும் சாவியை இன்னொருவரிடமும் கொடுங்கள்.

8. அன்றும் மறுநாளும்

அனுமதிக் கடிதத்தின் அசல் ஒருவர் சட்டைப் பையில் இருக்கட்டும், நகல் மேடைப் பக்கம். ரோந்து வருபவர் கேட்டவுடன் காட்ட வேண்டும், "வீட்ல இருக்கு சார்" என்றால் அங்கேயே முடிந்தது. அறிவித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே முடித்துவிடுங்கள். வீடியோ எடுப்பவர் கூட்டத்தில் யார் எந்த இடத்தில் கை தட்டினார்கள் என்று முகத்தைப் பிடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள், அவர்கள் நாளைக்கும் இதே தெருவில்தான் இருக்கப் போகிறார்கள்.

நாடகம் முடிந்ததும் ஒரு கட்சி அண்ணன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சூப்பர் தம்பி, அவனுங்கள கிழிச்சிட்ட" என்றார். கால் மணி நேரம் கழித்து எதிர்க்கட்சி அண்ணன் வந்தார். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு நாற்காலி எண்ணப் போனேன். 97 இருந்தது. அன்றிரவே தேடிவிடுங்கள், காலையில் அது டீக்கடையில் வேறு பெயரோடு இருக்கும்.

கரும்பலகை எங்களுடையது அல்ல, டியூஷன் எடுக்கும் அக்காவிடம் இரவல் வாங்கியது. அதைத் திருப்ப முடியவில்லை. பிளாக்கில் இருப்பவர்கள் கேட்டு வாங்கி மாடிப்படிக்குக் கீழே மாட்டி, தண்ணி லாரி வரும் நேரத்தை அதில் எழுதுகிறார்கள். எழுதிய நேரத்துக்கு லாரி வந்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை. அக்காவுக்குப் புதுப் பலகை 650 ரூபாய் ஆனது, உங்கள் பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.